50 வீட்டுக்கு ஒரு வாத்தியார்: ஒரு சின்ன மாநிலமும் அதன் நூறு கல்லூரிகளும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாகத் தள்ளிவிட்டுப் போகாமல், வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். டீச்சர் பாடம் நடத்தினால் 45 நிமிடம் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மாசசூசெட்ஸ் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. தலைநகர் பாஸ்டன். பரப்பளவில் நம் தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குதான். மக்கள் தொகை சுமார் 70 லட்சம். இந்தச் சின்ன இடத்துக்குள் நூற்றுக்கும் அதிகமான கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. ஆனால் நம் ஊரில் யாரைக் கேட்டாலும் இரண்டே பெயர்தான் சொல்வார்கள். ஹார்வர்டு, எம்.ஐ.டி. மற்றதெல்லாம் கணக்கிலேயே இல்லை.

என்னிடம் படித்த ஒருவரின் மகளுக்கு அந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தது. வாழ்த்துச் சொல்ல வேண்டிய பெரியவர்களே, "பேரே கேள்விப்பட்டதில்லையே, ரேங்க் எத்தனை?" என்று கேட்டார்களாம். ரேங்க் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு கல்லூரியைத் தெரிந்துகொள்ள வேறொரு கேள்வி இருக்கிறது. "இது யாருக்காகத் திறந்த கதவு?" என்று கேட்டுப் பாருங்கள். மாசசூசெட்ஸின் 400 ஆண்டு வரலாறே அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

முதல் கதவிலிருந்து வருவோம்.

இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் அங்கே குடியேறிச் சில ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1636 அக்டோபர் 28 அன்று அவர்களுடைய சட்டமன்றம் ஒரு கல்லூரிக்காக 400 பவுண்டு ஒதுக்கியது. கல்வி கற்ற போதகர்கள் வேண்டும், அந்தக் கவலையில் பிறந்தது அது. 1638-ல் ஜான் ஹார்வர்டு என்ற இளம் போதகர் முப்பது வயதில் இறந்தார். தன் சொத்தில் பாதியையும் சுமார் 400 புத்தகங்களையும் அந்தக் கல்லூரிக்கு எழுதி வைத்தார். மறு ஆண்டே கல்லூரிக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். 1642-ல் முதல் பட்டமளிப்பு விழா. பட்டம் வாங்கியவர்கள் 9 பேர்.

இன்று அங்கே போகிறவர்கள் எல்லோரும் ஜான் ஹார்வர்டு சிலையின் காலணியைத் தொட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சிலைக்கு "மூன்று பொய்களின் சிலை" என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. "ஜான் ஹார்வர்டு, நிறுவனர், 1638" என்று பீடத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் அவர் நிறுவனர் இல்லை, கொடையாளர். கல்லூரி தொடங்கிய ஆண்டு 1636. முகமும் அவருடையது இல்லை. அவருக்கு ஓவியம் எதுவும் இல்லாததால், 1884-ல் சிலை செய்தபோது ஒரு மாணவரை உட்கார வைத்துத்தான் வடித்தார்கள். பெரிய பெயர்களைப் பார்த்ததும் கும்பிடாமல், கொஞ்சம் விசாரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

1650-ல் ஹார்வர்டுக்குக் கிடைத்த சாசனத்தில், ஆங்கிலேயப் பிள்ளைகளோடு அந்த மண்ணின் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கும் கல்வி தருவது நோக்கம் என்று எழுதியிருந்தது. அதற்கென்று ஒரு கட்டடமும் கட்டினார்கள். வாம்பனோவாக் இனத்தைச் சேர்ந்த கேலப் சீஷாட்டோமக் என்ற இளைஞர் 1665-ல் பட்டம் பெற்றார். லத்தீனும் கிரேக்கமும் கற்றுத் தேர்ந்தவர். மறு ஆண்டே காசநோயில் இறந்துபோனார். அவருடைய வகுப்புத் தோழர் ஜோயல் ஐயாகூம்ஸ் பட்டமளிப்புக்கு முன் ஊருக்குப் போய்த் திரும்பும் வழியில் கப்பல் விபத்தில் மாண்டார். அவருக்குச் சேர வேண்டிய பட்டத்தை ஹார்வர்டு 2011-ல்தான் கொடுத்தது. சாசனத்தில் எழுதிய கதவு நடைமுறையில் சீக்கிரமே மூடிக்கொண்டது.

ஹார்வர்டு தொடங்கிய சில ஆண்டுகளில் அதே சட்டமன்றம் இன்னொரு வேலையும் செய்தது. என் மனதுக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1647-ல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். 50 வீடு இருக்கும் ஒவ்வோர் ஊரும் எழுதப் படிக்கச் சொல்லித்தர ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும். 100 வீடு இருந்தால், கல்லூரிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் இலக்கணப் பள்ளி நடத்த வேண்டும். எல்லா ஊரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் "கல்லூரி கட்டினால் போதாது, அதற்கு ஏறி வரப் படிக்கட்டும் வேண்டும்" என்ற புத்தி அந்தக் காலத்திலேயே அவர்களுக்கு இருந்தது.

அடுத்து மாநிலத்தின் மேற்கு ஓரத்து மலைகளுக்குப் போவோம். 1755-ல் போரில் இறந்த எஃப்ரெயிம் வில்லியம்ஸ் என்ற படைத்தலைவர் ஒரு பள்ளிக்காக உயில் எழுதி வைத்திருந்தார். அது 1793-ல் வில்லியம்ஸ் கல்லூரி ஆனது. ஹார்வர்டுக்கு அனுப்ப வசதியில்லாத உழவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே படித்தார்கள்.

இங்கேதான் நமக்கும் அந்த மாநிலத்துக்கும் ஒரு தொடர்பு வருகிறது. 1806-ல் அந்தக் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் திறந்தவெளியில் பிரார்த்தனைக்காகக் கூடினார்கள். இடி மழை பிடித்துக்கொண்டது. ஒரு வைக்கோற்போரின் ஓரத்தில் ஒதுங்கினார்கள். ஆசியாவுக்கு மதப்பணிக்குப் போக வேண்டும் என்று அங்கே பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்து கிளம்பிய முயற்சியால் 1810-ல் ஒரு மிஷன் சங்கம் அமைந்தது. பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தச் சங்கத்தின் ஆட்கள் 1816-ல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823-ல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கூடம் தொடங்கினார்கள். 1834-ல் மதுரைக்கு வந்தார்கள். 1881-ல் பசுமலையில் அவர்கள் தொடங்கிய கல்லூரிதான் இன்றைய மதுரை அமெரிக்கன் கல்லூரி.

அவர்கள் வந்தது மதம் பரப்ப. அதில் ஒளிவு மறைவு இல்லை. ஆனால் கல்வி ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால், அது கொண்டு வந்தவர் சொன்னபடி மட்டும் நடக்காது. வட்டுக்கோட்டையில் படித்த சி.வை. தாமோதரம் பிள்ளைதான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். ஏட்டுச் சுவடியில் கிடந்த கலித்தொகையை 1887-ல் முதன்முதலாக அச்சில் ஏற்றியவரும் அவரே. எங்கேயோ பெய்த மழைக்கு ஒதுங்கிய ஐந்து மாணவர்களுக்கு இது கனவிலும் தெரிந்திருக்காது.

இனிமேல் வருவது என் சொந்தப் பாடம். கொஞ்சம் கூடுதலாகவே நடத்துவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1837-ல் மாசசூசெட்ஸ் ஒரு கல்வி வாரியம் அமைத்தது. அதன் முதல் செயலாளர் ஹொரேஸ் மான், தொழிலில் வழக்கறிஞர். ஊர் ஊராகச் சுற்றிப் பள்ளிகளைப் பார்த்தார். ஒழுகும் கூரை, உட்கார முடியாத பலகை. எல்லாவற்றையும் விட அவரை வாட்டியது ஆசிரியர்களின் நிலை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் யாராக இருந்தாலும், சொற்பச் சம்பளத்துக்கு வகுப்பில் நிறுத்திவிடுவார்கள். ஆசிரியருக்கு முதலில் பயிற்சி வேண்டும் என்று மான் சொன்னார். எட்மண்ட் டுவைட் என்ற வணிகர் 10,000 டாலர் கொடுக்க முன்வந்தார். அரசும் அதே அளவு பணம் போட்டது.

1839 ஜூலை 3 அன்று லெக்சிங்டன் என்ற ஊரில் அமெரிக்காவின் முதல் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறந்தது. அன்று சேர்ந்தவர்கள் மூன்றே மூன்று பெண்கள்.

அதற்கு "நார்மல் ஸ்கூல்" என்று பெயர். இப்படித்தான் கற்பிக்க வேண்டும் என்ற நெறிமுறையைக் காட்டும் பள்ளி என்று பொருள். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்த சொல். நம் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிகூட 1856-ல் நார்மல் ஸ்கூல் என்ற பெயரில்தான் தொடங்கியது.

லெக்சிங்டன் பள்ளியின் தலைமையாசிரியர் சைரஸ் பியர்ஸ். எல்லாப் பாடமும் அவரே நடத்தினார். பக்கத்திலேயே ஒரு மாதிரிப் பள்ளி வைத்து, மாணவியரைச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தச் சொல்லிக் கவனித்தார். அடுப்பு மூட்டுவது, கூட்டிப் பெருக்குவது வரை அவர் கை படாத வேலை இல்லை. உடல்நலம் கெட்டு 1842-ல் விலகினார். இரண்டே ஆண்டில் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்த என் தோழிகளுக்கு இந்த இடத்தில் மாதிரிப் பள்ளியும் பாடக்குறிப்பு நோட்டும் நினைவுக்கு வரும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நாம் பாடம் நடத்துவதைக் குறிப்பெடுக்கும் விரிவுரையாளரின் முகமும் வரும்.

ஆனால் அந்தப் பள்ளி பிழைத்தது பெரும்பாடு. 1840-ல், திறந்து ஓர் ஆண்டுகூட ஆகாத நிலையில், கல்வி வாரியத்தையும் பயிற்சிப் பள்ளிகளையும் ஒழித்துவிட வேண்டும் என்று சட்டமன்றத்தில் கோரிக்கை வந்தது. வெட்டிச் செலவு என்றார்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றார்கள். முக்கியமான வாதம் இதுதான்: ஒருவர் படித்திருக்கிறார் என்றால் அவருக்குப் படிப்பிக்கவும் தெரியும்தானே, அதற்கு எதற்குத் தனியாக ஒரு பள்ளி?

இந்தக் கேள்வியை நான் என் காதாலேயே பல முறை கேட்டிருக்கிறேன். நான் பட்டம் வாங்கியவள் இல்லை. இரண்டு ஆண்டு ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான் என் படிப்பு. "ட்ரெய்னிங் டீச்சர்தானே, அ, ஆ சொல்லிக் கொடுக்க என்ன பெரிய படிப்பு வேண்டும்?" என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் உண்டு. ஆறு வயதுப் பிள்ளை 'ழ'வையும் 'ள'வையும் ஏன் குழப்புகிறது, கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்று கண்டுபிடிப்பது ஒரு வித்தை. எம்.ஏ. படித்தால் அது தானாக வந்துவிடாது. அதைத் தனியாகக் கற்க வேண்டும்.

மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது. ஒழிக்க வேண்டும் என்றவர்கள் 182 பேர். வேண்டாம் என்றவர்கள் 245 பேர். பயிற்சிப் பள்ளி பிழைத்தது. இந்த எண்களை நான் மறக்கவே மாட்டேன்.

லெக்சிங்டனில் தொடங்கிய பள்ளி பிறகு ஃபிரேமிங்ஹாம் என்ற ஊருக்கு மாறியது. பேர் என்ற ஊரில் தொடங்கிய இரண்டாவது பள்ளி வெஸ்ட்ஃபீல்டுக்குப் போனது. 1840-ல் பிரிட்ஜ்வாட்டர். 1854-ல் சேலம். ஆமாம், அங்கேயும் ஒரு சேலம் இருக்கிறது, மாம்பழம்தான் கிடையாது! அந்தச் சேலம் பயிற்சிப் பள்ளியில் 1856-ல் படித்து முடித்த முதல் கறுப்பினப் பெண் சார்லட் ஃபோர்ட்டன். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1862-ல், தெற்கே தென் கரோலினாவின் ஒரு தீவுக்குப் போய், அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்.

லெக்சிங்டனின் முதல் வகுப்பில் மேரி ஸ்விஃப்ட் என்று ஒரு மாணவி இருந்தார். படிப்பு முடித்ததும் பாஸ்டனில் இருந்த பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் ஆசிரியை ஆனார். கண்ணும் தெரியாத, காதும் கேளாத லாரா பிரிட்ஜ்மன் என்ற சிறுமிக்குப் பாடம் சொன்னார். பல ஆண்டுகள் கழித்து, ஏழைகள் காப்பகத்திலிருந்து ஆன் சலிவன் என்ற பெண், பார்வை மங்கிய நிலையில் அதே பெர்கின்ஸ் பள்ளிக்கு வந்தார். லாராவுக்கு எப்படிக் கற்பித்தார்கள் என்ற குறிப்புகளை ஊன்றிப் படித்தார். 1887-ல் அந்த முறையோடு ஹெலன் கெல்லரின் வீட்டுக்குப் போனார். மற்றது நான் உங்களுக்கு வகுப்பில் சொன்ன கதைதான்.

வகுப்பில் சொல்லாத ஒன்றும் உண்டு. ஹெலன் கெல்லர் 1904-ல் மாசசூசெட்ஸின் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். அத்தனை வகுப்பிலும் பக்கத்தில் உட்கார்ந்து, விரிவுரையை விரல்களால் அவர் உள்ளங்கையில் எழுதிக் காட்டியவர் ஆன் சலிவன். கல்லூரி அவருக்குப் பட்டம் தரவில்லை.

ராட்கிளிஃப் எப்படி வந்தது என்பதும் கதவின் கதைதான். ஹார்வர்டு பெண்களைச் சேர்க்கவில்லை. அதனால் 1879-ல் ஹார்வர்டு ஆசிரியர்களே தனியாக வந்து பெண்களுக்குப் பாடம் நடத்தும் ஏற்பாடு தொடங்கி, 1894-ல் அது ராட்கிளிஃப் கல்லூரி ஆனது. ஹார்வர்டின் மருத்துவப் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1945-ல்தான்.

அதற்கெல்லாம் வெகு காலத்துக்கு முன்பே ஒரு பள்ளி ஆசிரியை காத்திருக்கப் பொறுமையில்லாமல் தானே கிளம்பிவிட்டார். அவர் பெயர் மேரி லையன். ஏழை உழவர் வீட்டில் பிறந்தவர். கையில் ஒரு பச்சை வெல்வெட் பையோடு வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார். 1837 நவம்பரில் மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்விக்கூடத்தைத் திறந்தார். வருடத்துக்குத் தங்குமிடம், உணவு, படிப்பு எல்லாம் சேர்த்து 60 டாலர். கட்டணம் கூடாமல் இருக்க, சமையலையும் துப்புரவையும் மாணவிகளே முறை வைத்துச் செய்தார்கள். பணக்கார வீட்டுப் பெண்ணும் பாத்திரம் துலக்கினாள். 1875-ல் வெல்லெஸ்லி, ஸ்மித் என்று மேலும் இரண்டு பெண்கள் கல்லூரிகள் திறந்தன.

1861 ஏப்ரல் 10 அன்று எம்.ஐ.டி.க்கு அனுமதி கிடைத்தது. இரண்டே நாளில் உள்நாட்டுப் போர் வெடித்தது. அதனால் வகுப்பு தொடங்க 1865 ஆகிவிட்டது. இதற்கிடையே 1862-ல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டப்படி, உழவும் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக ஒவ்வொரு மாநிலத்துக்கும் நிலம் கிடைத்தது. மாசசூசெட்ஸுக்கு வந்தது 3,60,000 ஏக்கர். எல்லாம் மேற்கே, பூர்வகுடி மக்களிடமிருந்து வாங்கியும் பறித்தும் சேர்த்த நிலம். அந்த வருமானத்தில் பத்தில் மூன்று பங்கு எம்.ஐ.டி.க்குப் போனது. மீதி ஆமர்ஸ்ட் என்ற ஊரில் புதிதாகத் தொடங்கிய வேளாண் கல்லூரிக்கு. நாம் வாயைப் பிளந்து பார்க்கும் எம்.ஐ.டி.யும், 'மாடு மேய்க்கிற காலேஜ்' என்று கேலி செய்யப்படும் வகைக் கல்லூரியும் ஒரே தொட்டிலில் வளர்ந்த பிள்ளைகள். அந்த வேளாண் கல்லூரிதான் இன்றைய மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம். அதன் தலைவராக இருந்த வில்லியம் கிளார்க் 1876-ல் ஜப்பானுக்குப் போய்த் தொடங்க உதவிய கல்லூரிதான் இன்று ஹொக்கைடோ பல்கலைக்கழகம்.

மற்ற கதவுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த கத்தோலிக்கர்களைப் பாஸ்டன் பெரிய மனிதர்கள் மதிக்கவில்லை. 1843-ல் வுஸ்டர் நகரில் தொடங்கிய ஹோலி கிராஸ் கல்லூரிக்குச் சட்டமன்றம் 1865 வரை அங்கீகாரமே தரவில்லை. 1863-ல் இயேசு சபையினர் பாஸ்டன் கல்லூரியைத் தொடங்கினார்கள். 1898-ல் பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்காக ஒய்.எம்.சி.ஏ. நடத்திய மாலை வகுப்புதான் இன்று நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம். 1922-ல் ஹார்வர்டின் தலைவர் யூத மாணவர்களுக்கு உச்சவரம்பு வைக்கலாம் என்றார். ஆசிரியர்கள் நேரடியாக ஏற்கவில்லை. ஆனால் சேர்க்கை முறையை மாற்றி எண்ணிக்கையைக் குறைத்தார்கள். 1948-ல் யூத சமூகம் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தை நிறுவியது. எல்லா இனத்தவரையும் மதத்தவரையும் சேர்த்துக்கொண்டது.

எங்கள் பயிற்சிப் பள்ளிகள் என்ன ஆயின? 1932-ல் அவை ஆசிரியர் கல்லூரிகள் ஆயின. 1960-ல் எல்லாப் பாடமும் நடத்தும் அரசுக் கல்லூரிகள் ஆயின. 2010-ல் அரசுப் பல்கலைக்கழகங்கள். ஃபிரேமிங்ஹாம், பிரிட்ஜ்வாட்டர், சேலம், வெஸ்ட்ஃபீல்டு என்று இன்று பெயர்ப்பலகை பார்க்கிறீர்களே, அவையெல்லாம் அந்த மூன்று பெண்களின் வாரிசுகள். இன்றும் அங்கே படிப்பவர்களில் ஏராளமானோர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதிப்பவர்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றும் சொல்ல மாட்டேன். மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்காக லூசி வீலாக் என்ற அம்மையார் 1888-ல் பாஸ்டனில் தொடங்கிய கல்லூரி, தனியாக நடத்த முடியாமல் 2018-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்டது. சின்னக் கல்லூரிகள் பல இப்படித் திணறுகின்றன. இன்னொரு பக்கம், 2024 முதல் அந்த மாநில மக்கள் அங்குள்ள 15 சமுதாயக் கல்லூரிகளில் கல்விக் கட்டணமின்றிப் படிக்கலாம். 50 வீட்டுக்கு ஓர் ஆசிரியர் என்று 1647-ல் போட்ட கணக்கின் தொடர்ச்சியாகத்தான் இதை நான் பார்க்கிறேன்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி தேடும்போது ரேங்க் பட்டியலைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே இதையும் விசாரியுங்கள்: அங்கே வகுப்புக்கு வந்து பாடம் நடத்துபவர் யார்? தடுக்கி விழுந்த பிள்ளையைக் கைதூக்கி விட ஆள் இருக்கிறதா? நம் பிள்ளை மாதிரி இருப்பவர்களுக்காகத் திறந்த கதவா அது, இல்லை போகிறவன் வருகிறவன் அண்ணாந்து பார்ப்பதற்கான கோபுரமா?

பாஸ்டன் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அந்தச் சிலையின் காலணியைத் தொட வைத்ததோடு நிறுத்தாதீர்கள். லெக்சிங்டனுக்கும் கூட்டிப் போங்கள். அமெரிக்க விடுதலைப் போரின் முதல் துப்பாக்கிச் சத்தம் கேட்ட புல்வெளி அங்கே இருக்கிறது. எல்லோரும் அதைப் பார்க்கத்தான் போவார்கள். அதன் பக்கத்தில்தான் அந்த முதல் பயிற்சிப் பள்ளியும் நடந்தது. படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

பின்னூட்டத்தில் உங்களுக்கு முதன்முதலில் எழுத்தறிவித்த ஆசிரியரின் பெயரை எழுதுங்கள். என் பெயரை எழுத வேண்டாம். எனக்கு முன்னால் உங்கள் கையைப் பிடித்து எழுத வைத்தவர் ஒருவர் இருப்பார். அவர் பெயரை எழுதுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்